அகப்பக்கம் கட்டலாம், யார் பராமரிப்பது?



"எனக்கென்று ஓர் அகப்பக்கம் வேண்டும். எந்தக் கணினி மொழியைக் கற்பது?" என்று இளையோர் பலர் என்னிடம் கேட்கிறார்கள். நான் மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்றவள். கணினி வல்லுநர் அல்லள். இருந்தாலும் சொல்கிறேன்: இன்று கட்டுவதற்கு எது கவர்ச்சி என்று பார்க்காதீர்கள். பத்து ஆண்டு கழித்து அதை யார் பழுது பார்ப்பார் என்று பாருங்கள்.

பிஎச்பி மொழியை எடுத்துக்கொள்வோம். 1994இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தம் சொந்த அகப்பக்கத்துக்காக எழுதிக்கொண்ட சிறு கருவிகள்தாம் அதன் தொடக்கம். 'பெர்சனல் ஹோம் பேஜ்' என்பதே அந்தப் பெயரின் முதல் விரிவு. 1995இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பலர் கைபட்டு வளர்ந்தது. வளர்ந்த மொழி பழையதைக் கழிக்கவும் செய்யும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் பழைய கட்டளைகள் கைவிடப்படும் என்று 2013இல் முன்னறிவிப்பு வந்தது. 2015 டிசம்பரில் வெளியான ஏழாம் பதிப்பில் அவை இல்லை.

மொழியை வளர்ப்பவர்களுக்கு அது நியாயமான முடிவுதான். ஆனால் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு என்ன ஆயிற்று தெரியுமா? தாம் பிறந்த ரப்பர் தோட்டத்தைப் பற்றி, பால் மரம் வெட்டியவர்கள், கங்காணிகள், கோயில் திருவிழா என்று நானூறு கட்டுரை எழுதியிருந்தார். 2006இல் மகன் பிஎச்பியில் அகப்பக்கம் கட்டிக் கொடுத்தார். பிறகு வேலை, குடும்பம், மகனுக்கு நேரமில்லை. 2019இல் சேவை நிறுவனம் பதிப்பை மாற்றியது. மறுநாள் வெள்ளைத் திரை. ஆங்கிலத்தில் ஒரு வரி. கட்டுரைகள் தரவுத்தளத்தில் பத்திரமாகவே இருந்தன. எடுத்துக்காட்ட வழியில்லை. அந்தத் தோட்டமோ இன்று வீடமைப்புப் பகுதி; வேறு பதிவு எதுவும் கிடையாது.

வெறும் எச்டிஎம்எல்லில் எழுதிய பக்கங்களைப் பாருங்கள். டிம் பெர்னர்ஸ் லீயின் முதல் இணையப் பக்கத்தை 2013இல் செர்ன் ஆய்வுக்கூடம் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. இன்றைய கைப்பேசியிலும் திறக்கிறது. தமிழில் மட்டும் கூடுதலாக ஒரு கவனம் வேண்டும். தொண்ணூறுகளில் ஆளுக்கோர் எழுத்துருவில் போட்ட பக்கங்கள் திறக்கும், ஆனால் எழுத்து புரியாது. யூனிகோடில் சேமியுங்கள்.

இணையத்தில் கடை நடத்துபவர்களுக்கு வேறு கணக்கு. நான் சொல்வது கட்டுரையும் கவிதையும் வைப்பவர்களுக்கு.

ஆசிரியரின் மகன் ஒரு தீபாவளி விடுமுறையில் இரண்டு இரவு உட்கார்ந்து, நானூறு கட்டுரைகளையும் எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றிவிட்டார். தேடும் வசதி போயிற்று, வருகையாளர் எண்ணிக்கைக் கருவியும் போயிற்று. அந்த எண்ணிக்கை போனதில்தான் ஆசிரியருக்குக் கொஞ்சம் வருத்தம்.