பொறியும் பகடையும்



மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, தாளும் பென்சிலும் பகடையுங் கொண்டு வீரக் கதையொன்றைத் தாமே நடத்திச் செல்லும் விளையாட்டு ஒன்று 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதே அது. நடுவராயிருப்பவர் பாழடைந்த நிலவறையொன்றை வருணிப்பார். ஏனையோர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் கள்வனாகவும் அதனுள் நுழைவர். அங்கே மறைந்திருக்கும் பொறிகளைக் கண்டறிவது எங்ஙனம் என்பதில் இன்றும் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

தொடக்கத்தில் ஆட்டக்காரரின் கேள்வியே பெரிதும் கருவியாயிருந்தது. நீண்ட கோலால் தரையைத் தட்டுகின்றேன் என்பார் ஒருவர். நடுவர் விடை பகர்வார். ஒவ்வொரு கல்லையும் தட்டிச் சென்றால் ஓர் இடைகழியைக் கடக்க ஒரு மாலைப்பொழுது போதாது என்பதும் உண்மையே. 1978ஆம் ஆண்டு விதிநூலில், முதற்படிக் கள்வன் பொறியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20 என வரையறுக்கப்பட்டது. இவ்வாறு கண்ணின் வேலையைப் பகடை ஏற்றது.

2014ஆம் ஆண்டுப் பதிப்பிலோ இரு வழிகள் உள. இருபது முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு பாத்திரத்தின் கூர்நோக்குத் திறனைக் கூட்டுவது ஒன்று. உருட்டாமலே, பத்தோடு அத்திறனைக் கூட்டிக்கொள்வது மற்றொன்று. திறன் 4 எனவும், பொறியைக் காண வேண்டிய எண் 15 எனவும் கொள்வோம். உருட்டினால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உருட்டாவிடில் 14, என்றைக்கும் காணமாட்டார். எண்ணை 14 ஆக்கினால் என்றைக்கும் காண்பார்! பொறியை எழுதும்போதே நடுவர் முடிவையும் எழுதிவிடுகின்றார். அத்திறனுடைய ஐவரும் உருட்டினாலோ, அனைவரும் தவறுவது 32 தடவையில் ஒரு தடவையே. பொறி இருந்தும் இல்லாததற்குச் சமம். அன்றியும், உருட்டுங்கள் என்ற சொல்லே அங்கு ஏதோ உண்டெனக் காட்டிக்கொடுத்துவிடும்.

பல மாதம் பேணி வளர்த்த பாத்திரம், தான் தெரிந்தெடுக்காத ஒன்றினால் மாள்வதே இங்குள்ள கொடுமை. கற்பியாத பாடத்தில் வினாக் கேட்டுப் புள்ளியைக் குறைக்கும் ஆசிரியரை மாணவர் எளிதில் மன்னிப்பதில்லை. இதை நான் பள்ளியில் நேரிற் கண்டிருக்கின்றேன்.

ஆதலால் குறியை மறைத்தல் கூடாது என்பதே என் கருத்து. சுவரில் நெஞ்சுயரத்தில் சிறு துளைகள். புழுதி படிந்த தரையில் ஒரு கல் மாத்திரம் துப்புரவாயிருக்கிறது. அதனருகே செத்த எலி ஒன்று. இவ்வளவையும் நடுவர் கேளாமலே சொல்லிவிடட்டும். அப்படியாயின் கூர்ங்கண் பெற்ற பாத்திரத்துக்கு என்ன பயன் என்பீர்கள். மற்றவர் கல்லருகே வந்தபின் காண்பதை அவர் வாயிலிலேயே காணட்டும். துளைகளின் உள்விளிம்பில் ஒட்டிய பச்சை நஞ்சும் அவர் கண்ணுக்கு மட்டுந் தெரியட்டும். கல்லை மிதிப்பதா, தாண்டுவதா, துளைகளை மெழுகால் அடைப்பதா என்று ஐவரும் வாதாடி ஒரு முடிவுக்கு வருவர். பகடை உருள வேண்டியது அதன் பிறகே.