மஞ்சள் நிறத்தின் மாண்பு

பால் திரிந்துபோனால் வீட்டிலுள்ளோர் மனம் வருந்துவது இயல்பு. எனினும், அடுத்த முறை அவ்வாறு நிகழுமாயின், திரண்ட பகுதியை ஒதுக்கிவிட்டு எஞ்சிய தெளிந்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பகலொளியில் உற்று நோக்குங்கள். பசுமை கலந்த மெல்லிய மஞ்சள் நிறம் ஒன்று அதிலே தோன்றும். 1870களில் பிளைத் என்னும் ஆங்கிலேய இரசாயன அறிஞர் இந்நிறத்தைக் கண்டு குறித்து வைத்தார். ஆனால் அந்நிறப்பொருள் உயிர்களின் உடலில் யாது தொழில் புரிகின்றது என்பதை உலகம் அறிவதற்கு மேலும் அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

1932ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் ஒட்டோ வாபேக்கும் அவருடைய துணைவர் கிறித்தியனும் மதுவத்திலிருந்து மஞ்சள் நிறமான நொதியம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். நொதியம் என்பது உடலில் நிகழும் இரசாயனத் தாக்கங்களை விரைவுபடுத்தும் புரதம். புரதங்கள் பெரும்பாலும் நிறமற்றவை. அவ்வாறாயின் இப்புரதத்துக்கு மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் தியோறெல். அவர் வாபேக்கின் ஆய்வுகூடத்திலே பணிபுரிந்தபொழுது அந்நொதியத்தை இரண்டாகப் பிரித்தார். ஒரு பங்கு நிறமற்ற புரதம். மறு பங்கு மஞ்சள் நிறமான சிறு மூலக்கூறு. தனித்து நின்ற புரதம் தொழில் செய்யவில்லை. தனித்து நின்ற மஞ்சட் பொருளும் தொழில் செய்யவில்லை. இரண்டையும் மீண்டும் கலந்தபொழுதோ நிறமும் திரும்பியது, தொழிலும் திரும்பியது. புரதத்தோடு கூடி நின்று அதற்குத் தொழிலாற்றலை அளிக்கும் இத்தகைய சிறு மூலக்கூற்றைத் துணைநொதியம் என்பர். ஒட்சியேற்ற நொதியங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1955இல் தியோறெல் நோபல் பரிசு பெற்றார்.

அம்மஞ்சட் பொருளை ஆராய்ந்தபொழுது வியப்பான உண்மை ஒன்று வெளிப்பட்டது. அதன் உட்பகுதி வேறொன்றுமன்று; பாலிலே பிளைத் கண்ட அதே நிறப்பொருள்தான். றைபோபிளேவின் எனவும் விற்றமின் பீ2 எனவும் அது பெயர் பெற்றது. 1938இல் வாபேக்கும் கிறித்தியனும் இதன் விரிந்த வடிவம் ஒன்றைக் கண்டனர். றைபோபிளேவினோடு இரண்டு பொசுபேற்றுக் கூறுகளும் அடினோசீனும் இணைந்து அமைந்தது அது. பிளேவின் அடினீன் இருநியூக்கிளியோதைட்டு என்பது அதன் முழுப் பெயர். பெயர் நீளமானது, நாம் இங்கு பிளேவின் துணைநொதியம் என்றே வழங்குவோம்.

இதன் தொழில் யாது? நாம் உண்ணும் உணவு கலங்களினுள்ளே சிறிது சிறிதாக ஒட்சியேற்றப்படுகின்றது. அவ்வேளையில் உணவுப் பொருளிலிருந்து இரண்டு ஐதரசன் அணுக்களைப் பிளேவின் ஏற்றுக்கொள்கின்றது. ஏற்றவுடன் அதன் மஞ்சள் நிறம் மறைகின்றது. பின்னர் அவற்றை அடுத்த பொருளிடம் ஒப்படைத்ததும் நிறம் மீளுகின்றது. ஆற்றின் ஒரு கரையில் இருவரை ஏற்றி மறு கரையில் இறக்கிவிட்டு மீண்டும் திரும்பும் தோணி போன்றது இது.

இன்னுமொரு திறமையும் இதற்குண்டு. உடலிலுள்ள காவிப் பொருள்களுட் சில இலத்திரன்களை இரண்டிரண்டாகவே கொடுக்கும். வேறு சில ஒவ்வொன்றாகவே வாங்கும். இவ்விரு சாராருக்கும் இடையில் நின்று, இரண்டு ரூபாய்த் தாளை வாங்கி இரண்டு ஒற்றை ரூபாய் நாணயங்களை எண்ணிக் கொடுக்கும் வணிகன் போலப் பிளேவின் தொழில் செய்கின்றது. சக்சினிக்கமிலத்தைப் பியூமாரிக்கமிலமாக மாற்றும் நொதியத்தில் நிகழ்வது இதுவே. நாம் மூச்சின்வழி பெறும் ஒட்சிசன், உணவின் சத்தியை வெளிப்படுத்த உதவுவதற்கு இம்மாற்று வணிகம் இன்றியமையாதது.

இனி, இதன் பயன் ஒன்றைக் கூறுவேன். பூஞ்சணங்களிற் சில குளுக்கோசு ஒட்சிடேசு என்னும் பிளேவின் நொதியத்தை ஆக்குகின்றன. அது குளுக்கோசிலிருந்து ஐதரசனைக் கவர்ந்து ஒட்சிசனுக்கு அளிக்கின்றது. ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகின்றது. அதன் அளவைக் கண்டால் குளுக்கோசின் அளவும் தெரிந்துவிடும். முற்காலத்திலே நீரிழிவு நோயாளரின் சிறுநீரை நீலநிறக் கரைசலோடு கொதிக்க வைத்துச் சோதித்தனர். அக்கரைசல் குளுக்கோசை மட்டுமன்றி வேறு சில பொருள்களைக் கண்டும் நிறம் மாறி மருத்துவரை மயக்கும். இந்நொதியமோ பிற சர்க்கரைகளைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. 1962இல் கிளாக், லயன்சு என்னும் அறிஞர் இருவர் இதனை மின்வாயோடு இணைக்கும் வழியைக் கூறினர். இன்று நீரிழிவு நோயாளர் ஒரு துளி இரத்தத்தை இட்டுச் சோதிக்கும் பட்டைகளிற் பெரும்பாலானவற்றில் இருப்பவை பிளேவின் நொதியங்களே.

நேயர்களே, இத்துணை சிறந்த பொருளை நம் உடல் தானாக ஆக்கிக்கொள்ள இயலாது. றைபோபிளேவினை உணவிலிருந்தே பெறல் வேண்டும். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகமே. ஆயினும் உடல் அதனைப் பெரிதும் சேமித்து வைப்பதில்லை. மிகுந்ததைச் சிறுநீரோடு கழித்துவிடும். விற்றமின் மாத்திரை உண்டவரின் சிறுநீர் கடும் மஞ்சளாவது இதனாலேயே.

குறைபாடு நேர்ந்தால் கடைவாய் வெடிக்கும். உதடும் நாவும் புண்ணாகும். ஆனால் இக்குறிகள் தோன்றுமுன்னரே கலங்களில் வறுமை தொடங்கிவிடும். அதனை அறியவும் இத்துணைநொதியமே கருவியாகின்றது. செங்குருதிக் கலங்களிலுள்ள ஒரு நொதியத்தின் வேகத்தை முதலில் அளப்பர். பின்னர் பிளேவின் துணைநொதியத்தைச் சேர்த்து மறுபடியும் அளப்பர். நல்லுணவு உண்டவரின் நொதியம் முன்னரே நிறைவு பெற்றிருத்தலால் வேகம் அதிகம் மாறாது. குறைபாடுடையவரின் நொதியமோ பசித்தவன் உணவு கண்டாற்போல விரைந்தெழும். வேகம் 1.4 மடங்குக்கு மேல் உயருமாயின் குறைபாடு உண்டெனக் கொள்வது வழக்கம். வாய்ப்புண் இல்லை என்பதனால் மட்டும் குழந்தை நிறைவாக உண்கின்றது எனக் கருதிவிடலாகாது என்பதை இச்சோதனை நமக்கு உணர்த்துகின்றது.

பால், முட்டை, ஈரல், பச்சைக் கீரைகள் ஆகியவை றைபோபிளேவினை நல்குவன. நன்கு தீட்டிய வெள்ளரிசியில் அது மிகக் குறைவு. சோறே பெரும்பகுதியாக உண்ணும் வீடுகளில் முருங்கைக்கீரையும் ஒரு முட்டையும் பெருந்துணையாகும். சமையலின் வெப்பத்தை றைபோபிளேவின் பெரிதும் தாங்கும், ஒளியைத் தாங்காது. எனவே பாலைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெயிலில் வைத்தல் தகாது. கீரை அவித்த நீரைக் கொட்டிவிடுதலும் கூடாது. அது நீரிற் கரையும் பொருள். பருப்பும் கீரையும் விரைவில் வேகும்பொருட்டு அப்பச்சோடா இடுவோர் உளர். அக்காரம் இந்த விற்றமினை அழித்துவிடும்.

திரிந்த பாலின் நீரிலே தோன்றும் அம்மெல்லிய மஞ்சள் நிறம் நம் ஒவ்வொரு கலத்தினுள்ளும் கணந்தோறும் மறைந்தும் தோன்றியும் தொழில் புரிந்துகொண்டிருக்கின்றது. அத்தொழில் தடையின்றி நடைபெற நாம் செய்யவேண்டுவது பெரிதன்று. கீரை அவித்த நீரைக் கொட்டாதிருத்தலும் பாற்போத்தலை நிழலில் வைத்தலும் அதன் தொடக்கமாகட்டும்.