சுண்ணாம்பு படாத தோல்

கொல்கத்தாவின் தென்மேற்கில், டயமண்ட் ஹார்பர் சாலையின் இருபுறமும் நெருக்கமாக வீடுகள் எழுந்த பகுதி பெஹாலா. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஆட்டுக்கறிக் கடைகளில் கூட்டம் நிற்கும். விதையடித்த கிடாவை வங்காளிகள் ‘காஷி’ என்பார்கள். அந்தக் கறிக்குத்தான் கிராக்கி. வாங்குகிறவர்கள் ஈரல் கேட்பார்கள், கால் கேட்பார்கள், தலையைக்கூடக் கேட்பார்கள். தோலைக் கேட்கிறவர் இல்லை. அது கடையோரம் மடித்துக் கிடந்து, வியாபாரி கைமாறி, நகரின் கிழக்குக் கோடியைத் தாண்டித் தோல் ஆலைகளுக்குப் போய்ச் சேரும். அந்தத் தோலை மயிரோடு வீட்டிலேயே பதனிட்டு, ஒரு விரிப்பாகவோ மணைமேல் போடும் இருக்கையாகவோ ஆக்கிக்கொள்ளும் வேலையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. மயிரை எடுக்க வேண்டாம் என்றால் பாதி வேலை மிச்சம்தானே என்று கேட்டவுடன் தோன்றும். உண்மை நேர்மாறு. மயிர் இருக்கட்டும் என்று முடிவெடுத்த நிமிஷமே பதனிடுகிறவர் கையிலிருந்து சுண்ணாம்பு போய்விடுகிறது. இந்தக் கலைக்கு உள்ள அருமை, அதன் எல்லை, அதன்மேல் சொல்லப்படும் குறைகளில் பாதி, எல்லாமே அந்த ஓர் இழப்பிலிருந்து வருகின்றன என்பது என் வாதம்.

சுண்ணாம்பு என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஆம்பூரோ வாணியம்பாடியோ திண்டுக்கல்லோ, பச்சைத்தோல் ஆலைக்கு வந்ததும் தண்ணீரில் ஊறும், பிறகு சுண்ணாம்புக்குப் போகும். இப்போது கூடவே சோடியம் சல்ஃபைடும் சேரும். மயிர் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதை உறுதியாகப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளைக் காரம் அறுத்துவிடும்; மயிர் கழன்று வரும். கண்ணுக்குத் தெரிகிற வேலை இது. தெரியாத வேலை இன்னொன்று உண்டு. தோலின் உடல் கொலாஜன் என்ற நாரால் பின்னப்பட்டது. நார்க்கற்றைகளுக்கு நடுவே பசைபோலக் கிடக்கும் வேறு புரதங்களைச் சுண்ணாம்பு கரைக்கிறது. கொழுப்பில் ஒரு பங்கைச் சோப்பாக்குகிறது. தோலை உப்பவைத்து நாரை நாரிலிருந்து விலக்குகிறது. அப்படி விலகிய இடைவெளிக்குள்தான் ஆவாரம்பட்டையின் துவர்ப்போ குரோமியமோ புகும். ஆலைத்தோலின் மென்மைக்குப் பாதிப் புகழ் சுண்ணாம்புக் குழிக்கே சேர வேண்டும். மயிர் நிற்க வேண்டும் என்றால் இந்த உதவி கிடைக்காது. உப்பும் புளிப்பும் கொஞ்சம் திறந்துவிடும். மீதியைக் கைதான் செய்ய வேண்டும்.

கை எப்படிச் செய்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒன்றரைக் கிலோப் பச்சைத்தோல் என்றால் சதைப்பக்கம் முழுக்க முக்கால் கிலோ உப்பு. மடிப்பு, காது, கழுத்து எதையும் விடாமல் தேய்க்க வேண்டும். உப்பு தொடாத இடம்தான் முதலில் அழுகும். நீர் வடிந்தபின் உருட்டுக்கட்டை மேல் போட்டு மழுங்கிய கத்தியால் ஜவ்வைத் தள்ள வேண்டும். கூர்க்கத்தி ஆகாது, அது மயிர்க்காலையே வெட்டிவிடும், மறுபக்கத்தில் கொத்துக் கொத்தாக மயிர் உதிரும். அடுத்து சோப்பில் கழுவல், அப்புறம் புளிப்புத் தொட்டி. உப்பு கரைந்த தண்ணீரில்தான் வினிகரோ வேறு மென்மையான அமிலமோ ஊற்ற வேண்டும். வரிசை மாறினால் தோல் ஜவ்வரிசி போல உப்பிக்கொள்ளும், பிறகு அதை மீட்பது கடினம். அதற்குப்பின் படிகாரம் இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு கரைத்த நீரில் ஆட்டுத்தோல் இரண்டு மூன்று நாள் கிடக்கும். எடுத்து நிழலில் போட்டால், காயத் தொடங்கும் வேளையில் இந்தக் கலையின் உண்மையான தருணம் வருகிறது. முக்கால் காய்ந்த தோல் கண்ணாடி மாதிரி நீலம் பாய்ந்து விறைத்திருக்கும். எண்ணெய் தடவி, நாற்காலி முதுகின் விளிம்பில் குறுக்கே போட்டு இரண்டு கையாலும் இழுத்தால், இழுத்த இடம் மட்டும் பால்வெள்ளையாக மாறித் துணிபோலத் துவளும். ஒட்டிக் கிடந்த நார்கள் பிரிவதன் அடையாளம் அந்த வெள்ளை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை, அடுத்த உள்ளங்கைக்கு இன்னொன்று என்று முழுத்தோலும் போக வேண்டும். ஈரம் அதிகமிருந்தால் இழுத்த இடம் மறுபடி ஒட்டும். குறைந்தால் இழுக்கவே வராது. அந்த இடைப்பட்ட பதத்தை எந்தக் கடிகாரமும் சொல்லாது, விரல்தான் சொல்லும். பாகுப்பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நம் நாட்டில் இந்தக் கலை ஏன் வேர்விடவில்லை என்று கேட்கலாம். வங்கத்தின் தோல் வேலையைப் பாருங்கள்: துர்க்கை பூஜையின் டாக் மேளம், கீர்த்தனத்தின் கோல் மத்தளம், தபலா, எல்லாமே மயிர் போன தோல். நம் பக்கம் மிருதங்கமும் தவிலும் பறையும் தோற்பாவையும் அப்படியே. விலக்கு ஒன்று பழைய இலக்கியத்தில் இருக்கிறது. மதுரைக்காஞ்சியும் புறநானூறும் முரசைச் சொல்லும் இடங்களில், காளைத்தோலை மயிர் சீவாமல் போர்த்தியதாக வருகிறது. வீரத்தின் சின்னம் என்பதால் மயிர் நின்றது. ஆனால் அது இழுத்துக் கட்டிக் காயவைத்த பச்சைத்தோல். பதனிட்ட தோல் அல்ல. நனைந்தால் மறுபடி பச்சைத்தோலாகிவிடும். மயிரோடு பதனிட்டு உடுத்தும் பழக்கம் குளிரும் வறட்சியும் சேர்ந்த ஊர்களில்தான் ஊன்றியது. லடாக்கில் பெண்கள் முதுகில் போர்த்தும் ‘லோக்பா’ என்ற ஆட்டுத்தோல் அந்த வகை. காரணம் கிருமி. உயிர்போன தோலில் கிருமிகள் முதலில் கை வைக்கும் இடம் மயிர்க்கால்தான். மயிரை எடுக்கப்போகிறவருக்கு அதனால் பெரிய நட்டமில்லை. மயிரை வைத்திருக்கப்போகிறவருக்குச் சில மணி நேரத் தாமதமே போதும், வயிற்றோரமும் காதும் வழுக்கையாகிவிடும். கங்கைக் கழிமுகத்தின் ஈரக் காற்றில், வைகாசி வெக்கையில் இதைத் தொடங்குவது வீண். பெஹாலாவில் இதற்கென்று ஒரு காலம் உண்டு: வங்காளிகளின் பௌஷ், மாக மாதங்கள், அதாவது ஏறத்தாழ நம் மார்கழியும் தையும். காற்று உலர்ந்திருக்கும், இரவு வெப்பம் 13, 14 டிகிரிக்கு இறங்கும். ஈச்சம்பாகு வெல்லம் கடைக்கு வரும் அதே பருவம். மொட்டைமாடி நிழலில் தோல் காய அந்த இரண்டு மாதம் போதும். ஆண்டு முழுக்கச் செய்ய முடியாத ஒன்றைக் கலை என்பதா என்று தயங்க வேண்டாம். வடகமும் வற்றலும் நாம் ஆண்டு முழுக்கவா போடுகிறோம்?

ஆலை வேலை தெரிந்தவர்கள் எழுப்பும் மறுப்பு இதைவிடக் கனமானது. படிகாரம் போட்டது தோலே அல்ல என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஒரு தோல் எவ்வளவு நன்றாகப் பதனிடப்பட்டிருக்கிறது என்பதை, வெந்நீரில் அது எந்தச் சூட்டில் சுருங்குகிறது என்று பார்த்து அளப்பார்கள். பச்சைத்தோல் ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டியதும் சுருங்கும். துவர்ப்பு ஏறியது 75, 80 வரை தாங்கும். நல்ல குரோம் தோல் கொதிநீரையே தாங்கும். படிகாரத் தோலுக்குப் பச்சைத்தோலைவிடப் பெரிய முன்னேற்றம் கிடையாது. நன்றாக நனைத்தால் படிகாரம் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு எதற்காக அதைப் பிடித்துக்கொள்வது? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் மெதுவாகத்தான் ஊறும். அத்தனை நாள் ஈரத்தில் மயிர் நிற்பது சந்தேகம், நின்றாலும் கறை படியும். குரோமியம் வேகமாக வேலை செய்யும், ஆனால் அந்தக் கழிவை வீட்டுச் சாக்கடையில் விட எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே படிகாரம் ஒரு சமரசம். மழையில் போடும் செருப்புக்கு அது உதவாது. அறைக்குள் விரிக்கும் தோலுக்குக் கொதிநீர்த் தேர்வு வைப்பது, பட்டுச்சேலை சாக்குமூட்டை தாங்குமா என்று கேட்பது போல.

இன்னொரு மறுப்பு வங்கத்துக்கே உரியது. யோசித்துப் பார்த்தால் சுவையானது. அங்கே அறுபடும் சிற்றாடு பிளாக் பெங்கால் இனம். அதன் தோலுக்கு உலகச் சந்தையில் மதிப்பு, மயிர் போனபின் வெளிவரும் மேற்பரப்பின் நுண்மைக்காக. குட்டையான மயிரை அப்படியே விட்டால், எதற்காக அந்தத் தோல் புகழ்பெற்றதோ அதையே மூடிவைத்ததாக ஆகாதா? முதல்தரத் தோலுக்கு இந்த வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். அதை ஆலைக்கே விட்டுவிடலாம். ஆனால் எல்லாத் தோலும் முதல்தரம் அல்ல. ஆட்டம்மைத் தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, வேலிமுள் கீறல் உள்ளவை தரம் இறங்கி, விலையும் இறங்கிப்போகும். மயிர் நின்றால் அந்தத் தழும்புகள் கண்ணுக்கே தெரியா. ஆலை எதைக் குறை என்று தள்ளுகிறதோ அது வீட்டுக்காரருக்குக் குறையாகவே இல்லை. தோல் மெல்லியது என்பதால் கையால் இழுத்துப் பதப்படுத்தவும் இணங்கும். எருமைத்தோலோடு இப்படி மல்லுக்கட்டிப் பாருங்கள், தெரியும்.

கொல்கத்தாவில் தோல் பதனிடுதல் என்று வாயெடுத்தாலே டாங்ராவின் நாற்றம் நினைவுக்கு வரும். 1996 டிசம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் டாங்ரா, டில்ஜலா, டாப்சியா, பாக்லாடாங்கா பகுதிகளின் ஐந்நூற்றுச் சொச்சம் ஆலைகளை அங்கிருந்து வெளியேறச் சொன்னது. பான்தலா தோல் வளாகம் அவற்றுக்கான மாற்று இடம். அதே ஆண்டு ஆகஸ்டில் பாலாற்றங்கரை ஆலைகள் மேல் வேலூர் வழக்கில் வந்த தீர்ப்பு தமிழ் நேயர்களுக்குத் தெரிந்ததே. நீதிமன்றமே நகரை விட்டு விரட்டிய தொழிலை வீட்டு மாடிக்குக் கொண்டுவரலாமா? அந்த வழக்குகளில் குற்றவாளியாக நின்றது சுத்திகரிக்காத கழிவுநீர். அந்தக் கழிவின் பெரும் பாரம் சுண்ணாம்பு, சல்ஃபைடு, கரைந்த மயிர்ச்சேறு, குரோமியம் ஆகியவை. மயிரோடு பதனிடும்போது இந்த நாலும் கிடையாது. இழப்பு என்று நான் சொன்னது இங்கே லாபமாகத் திரும்பி வருகிறது. ஆனாலும் கையைக் கழுவிவிட முடியாது: உப்பு மிஞ்சுகிறது. உப்புநீரை எந்தச் சுத்திகரிப்பும் எளிதில் நன்னீராக்காது. பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கேட்டால் சொல்லும். குளிர்காலத்தில் ஒரு தோல், இரண்டு தோல் என்பதோடு வீட்டுக்காரர் நிற்க வேண்டும். மிஞ்சிய உப்பு நீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவைத்து உப்பை வாரிவிடலாம். பத்துத் தோலுக்குப் போனால் அது தொழில்; தொழிலுக்கு அனுமதியும் சுத்திகரிப்பும் வேண்டும்.

சொல்லப்படாத மறுப்பு ஒன்று இருக்கிறது, எல்லாவற்றையும்விட உறுதியானது: இது நம் வேலை அல்ல என்ற எண்ணம். தோலைத் தொடும் வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டிவிட்டு, தொட்டதற்காகவே அவர்களைத் தள்ளிவைத்த நாடு இது. டாங்ராவில் ஹக்கா சீனர்கள் தோல் ஆலைகளை நிறுவி வளர்ந்ததற்கு, இந்தத் தடை அவர்களுக்கு இல்லை என்பதும் ஒரு காரணம். ஆனால் வங்கத்திலேயே இதற்கு மறுமொழி எழுந்திருக்கிறது. புகழ்பெற்ற மருத்துவர் நீல்ரத்தன் சர்க்கார் சுதேசிக் காலத்தில், 1905-ல், நேஷனல் டானரியைத் தொடங்கினார். 1919-ல் கல்கத்தாவில் அரசின் ஆராய்ச்சித் தோல் ஆலை வந்தது; அந்தத் துறையில் பேர்பெற்ற பி.எம்.தாஸ்தான் பின்னாளில் சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர். பிரஃபுல்ல சந்திர ராயின் பெங்கால் கெமிக்கலில் வேதியியலாளராக இருந்து காந்தியிடம் போன சதீஷ் சந்திர தாஸ்குப்தா, சோதேபூரில் காதி பிரதிஷ்டானை நடத்தியவர். செத்த மாட்டிலிருந்து பதமான தோல் வரை கிராமத்தார் செய்யும்படி கையேடே எழுதினார். படித்தவன் தோலைத் தொட்டால் அந்த வேலையின் நுட்பம் அவனுக்குத் தெரியவரும், நுட்பம் தெரிந்தால் அதைச் செய்தவர்கள் மேல் மதிப்பு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வர வாய்ப்பாவது உண்டு.

இரண்டு எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தானாகச் செத்த ஆட்டின் தோலைத் தொட வேண்டாம். அடைப்பான் நோய்க்கிருமியின் வித்துகள் தோலிலும் மயிரிலும் தங்கும். உப்புக்கும் படிகாரத்துக்கும் அவை சாகும் என்று நம்பக் கூடாது. அடுத்தது சட்டம். மான்தோல் ஆசனமும் புலித்தோலும் நம் மனத்தில் தவத்தோடு ஒட்டியவை. பூணூலில் முடியும் சிறு துண்டுகூட மரபுப்படி கிருஷ்ணமிருகத்தின் தோல்தான். ஆனால் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் ஆசனமும் வேட்டைப்பொருளே. பழைய ஜமீன் வீட்டுச் சுவரிலிருந்து இறங்கிய தோலைப் புதுப்பிக்கிறேன் என்று தட்டவும் வேண்டாம்; அந்நாளில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த சோப்புப் பூசும் வழக்கம் உண்டு.

நன்றாகப் பதனிட்ட மயிர்த்தோலை அடையாளம் காண்பது எப்படி? பார்க்க வருகிறவர்கள் மயிர்ப்பக்கத்தைத் தடவி, அழகு என்பார்கள். அந்தப் பளபளப்பு ஆடு போட்டது. திருப்பிப் பாருங்கள். சதைப்பக்கம் முழுக்க ஒரே வெள்ளையாக இருக்கிறதா, இல்லை நடுநடுவே கண்ணாடித் திட்டுகள் நீலம் பாய்ந்து நிற்கின்றனவா? கழுத்தை மடித்தால் துணிபோல மடிகிறதா, அப்பளம்போல ஓசை கேட்கிறதா? வயிற்றோரத்தில் நாலு மயிரைப் பிடித்து இழுத்தால் தோலும் கூட வர வேண்டும். இவ்வளவிலும் தேறிய தோலுக்கும் தை மாதத்திலேயே சான்று கொடுத்துவிடக் கூடாது. அலமாரியில் வைத்துவிட்டு, ஆடி மழை பெஹாலாச் சந்துகளில் முழங்காலளவு நின்று வடிந்தபின் ஒரு நாள் எடுத்து, விரித்து, முகர்ந்து பார்க்க வேண்டும்.