தோட்டம் நகரான கதை
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





பெட்டாலிங் ஜெயாவின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வீடுகளிலிருந்து தொடங்குவார்கள். நாம் பால்மரத்திலிருந்து தொடங்குவோம். இந்த நகரம் எழுந்த நிலம் எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டம்; ஏறத்தாழ 1,200 ஏக்கர். 'பெட்டாலிங்' என்பதுகூடக் காட்டு மரம் ஒன்றின் மலாய்ப் பெயர்தான்.

போருக்குப் பிறகு கோலாலம்பூரில் புறம்போக்குக் குடிசைகள் பெருகின. 1948-இல் அவசரகாலம் பிறந்தது. நெரிசலைக் குறைக்கவும் மக்களைக் கண்காணிப்பில் வைக்கவும் அரசாங்கத்துக்கு அருகிலேயே நிலம் தேவைப்பட்டது. கிள்ளானுக்குப் போகும் வழியில் தோட்டம் இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் மரங்களை வெட்டிவிட்டு, ஜாலான் டெம்ப்ளர், ஜாலான் பெஞ்சாலா என்ற இரு சாலைகளை ஒட்டி முதல் 800 வீடுகளைக் கட்டினார்கள். 1957 முடிவதற்குள் 3,200-க்கும் மேற்பட்ட வீடுகளும் 28 தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. 1977-இல் நகராண்மைக் கழகம், 2006 ஜூன் 20-இல் மாநகர் அந்தஸ்து. இவை எல்லா மலரிலும் அச்சாகும் விவரங்கள், இவற்றோடு நிறுத்திக்கொள்கிறோம்.

தோட்டத்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிரித்து வாங்கி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்துக் கொட்டகையில் நிறுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். இந்நாட்டுத் தோட்டங்களில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. தோட்டம் கைமாறினாலோ, வீடமைப்புக்குப் போனாலோ, வேலையோடு கூரையும் போய்விடும். இந்த வட்டாரத்தில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக அப்படித்தான் மறைந்தன. சுபாங் ஜெயா இருக்கும் இடம் சீபீல்ட் தோட்டம். பண்டார் உத்தாமாவும் எஃபிங்ஹாம் நிலம்தான். அங்கே அடுக்குமாடிகளுக்கும் பேரங்காடிக்கும் பக்கத்தில் அந்தப் பெயரைத் தாங்கி நிற்பது ஒரு தமிழ்ப்பள்ளி. சீபீல்ட் பெயரும் அப்படியே, தமிழ்ப்பள்ளியில் வாழ்கிறது. துரைமார் வைத்த பெயரைக் கூலிக்காரர் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் காப்பாற்றுகிறது பாருங்கள்!

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். இந்த மலருக்காக நம் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டினோம். கட்டட நிதி, நோன்புக் கஞ்சி, மீலாது விழா, மதரஸா ஆசிரியர் சம்பளம் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன. தோட்டத்து மக்களைப் பற்றி ஒரு வரி இல்லை. சங்கத்துக்குச் சந்தா கொடுத்த நம் முன்னோர் யாரிடம் வியாபாரம் செய்தார்கள்? சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு சம்பள நாளில் லயத்து வாசலில் நின்றவர்கள் நம்மவர்கள். தோட்டத்து முனையில் 'பாய் கடை' வைத்து அரிசியும் கருவாடும் கடனுக்குக் கொடுத்தவர்களும் நம்மவர்களே. அந்தக் கடனை மாதாமாதம் தீர்த்தவர்களின் காசும் இந்தக் கட்டடத்துச் சுவரில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக அதை நாம் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் நம் கடைக்காரர்கள் எழுதி வைத்திருந்தார்கள். பற்று வரவு நோட்டு! 'இரண்டாம் லயம் முனியம்மா, அரிசி, எண்ணெய்' என்று பெயரோடு எழுதிய நோட்டு. தோட்ட நிர்வாகத்தின் பேரேடுகள் எங்கே போயினவோ. அந்த மக்களின் பெயர்கள் மிஞ்சியிருந்தால் இந்த நோட்டுகளில்தான் மிஞ்சியிருக்கும். கடையை மூடும்போது பிள்ளைகள் முதலில் பழைய பேப்பருக்குப் போடுவதும் இவற்றைத்தான். அண்மையில் ஒரு குடும்பத்தாரிடம் கேட்டோம். "போன ரமலானுக்கு வீட்டைச் சுத்தம் பண்ணினப்ப எடைக்குப் போட்டுட்டோமே மாமா" என்றார்கள். நாங்கள் ஒரு வருடம் தாமதம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அத்தா, வாப்பா, பெரியத்தா வைத்திருந்த நோட்டு எதுவாக இருந்தாலும், கரையான் அரித்ததாக இருந்தாலும், கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். யார் எவ்வளவு பாக்கி என்பதை வெளியே சொல்லமாட்டோம். பெயரும் லயமும் போதும். ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு மஃரிப்வரை சங்க அலுவலகம் திறந்திருக்கும்.