பிள்ளைப்பேற்று வைத்தியமும் நம் கடமையும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசப் புகுந்த விஷயம் சபைகளில் வாய்விட்டுப் பேசப்படாதது; ஆயின், சமையற்கட்டிலும் கல்யாணப் பந்தலிலும் காதோடு காதாய்ப் பேசப்படுவது. பிள்ளையில்லாக் குறையும், அதனை நீக்க எழுந்துள்ள புதிய வைத்தியமும், அவ்வைத்தியத்தால் ஜனசமூகத்துக்கு விளையும் நன்மை தீமைகளுமே அது. பல தேசத்து அறிஞர்களும் இதனை ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் கண்டவற்றுள் நம் குடும்பங்களுக்கு உதவுவன சிலவற்றை எடுத்துரைத்தலே நம் நோக்கமாகும்.

திருவள்ளுவர் மக்கட்பேறு என்று ஓர் அதிகாரம் வகுத்தார். பேறு என்பது கிடைத்தால் மகிழத்தக்க பாக்கியம். நாமோ அதனைப் பெண்ணிடம் வசூலிக்க வேண்டிய கடனாக மாற்றிவிட்டோம். மணமாகி ஓராண்டு கழிவதற்குள், ‘விசேஷம் ஒன்றும் இல்லையா?’ என்று கேளாத உறவினர் உண்டோ? மலடி என்னும் சொல் நம் ஊர்களில் எத்தனை எளிதாக வாயினின்று விழுகின்றது! மலடன் என்னும் சொல்லும் தமிழில் உண்டு. அதனை யாரேனும் ஒரு புருஷனைப் பார்த்துச் சொல்லக் கேட்டது அரிதினும் அரிது.

இவ்வழக்கத்துக்கு மெய்யில் ஆதாரம் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 1923-க்கு ஒரு நூற்றாண்டு கழித்து, அதாவது 2023-ஆம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையின்படி, வயது வந்தோரில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதேனும் இக்குறையை அனுபவிக்கின்றனர். செல்வ தேசம், வறிய தேசம் என்ற பேதம் இதில் மிகுதியில்லை. குறையுள்ள தம்பதிகளை ஆராயுமிடத்து, சுமார் பாதிப் பேரிடத்தில் ஆண்பாலின் காரணம் தனித்தோ பெண்பாலின் காரணத்தோடு கூடியோ காணப்படுகின்றது. அப்படியிருந்தும் பழி முழுதும் ஸ்திரீகள் தலையிலேயே விழுகின்றது. மார்சியா இன்ஹார்ன் என்னும் மானிடவியல் அறிஞர் எகிப்து தேசத்து அலெக்சாந்திரியா நகரில் ஏழைப் பெண்களிடையே தங்கி ஆராய்ந்து, 1994-இல் ஒரு நூல் வெளியிட்டார். தர்காவுக்கும் மருத்துவச்சிக்கும் டாக்டருக்குமாக அப்பெண்கள் அலைந்த அலைச்சலை அதில் வாசிப்போர்க்கு, அரச மரத்தைச் சுற்றும் நம் சகோதரிகளே நினைவுக்கு வருவர்.

இனி வைத்தியத்தின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். 1978-ஆம் வருஷம் ஜூலை 25-ஆம் தேதி இங்கிலாந்தின் ஓல்டம் நகரில், உடலுக்கு வெளியே கருவாக்கப்பட்ட முதற் குழந்தை பிறந்தது. ராபர்ட் எட்வர்ட்ஸ், பாட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி என்னும் மூவரின் உழைப்பு அது. எட்வர்ட்ஸுக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்றை இருவரும் அதற்கு முன்னரே காலமாகிவிட்டனர். அதே வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் இரண்டாம் குழந்தை பிறந்தது. ஆயின் அரசாங்கம் நியமித்த குழு அவர் கூற்றை நம்ப மறுத்தது. மனமுடைந்த அவர் 1981-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். அவருடைய குறிப்புகளைப் படித்து ஆராய்ந்த டி. சி. ஆனந்த குமார் என்னும் விஞ்ஞானி, இந்தியாவில் முதன்மை முகர்ஜிக்கே உரியதென்று 1997-இல் பகிரங்கமாக உரைத்தார். அதுவரை அப்பெருமை ஆனந்த குமார் தாமே பங்குகொண்ட 1986-ஆம் வருஷத்துப் பம்பாய்ப் பிரசவத்துக்கு உரியதாய் இருந்தது என்பதை நோக்கின், அவருடைய பெருந்தன்மை விளங்கும். இன்று இம்முறையால் பிறந்தோர் உலகில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்.

இவ்வைத்தியம் நல்லதோ தீயதோ என்ற கேள்விக்கு மதங்கள் பலவாறு விடை கூறின. கத்தோலிக்க திருச்சபை 1987-இல் இதனை ஏற்க மறுத்தது. கெய்ரோவின் அல் அஸ்ஹர், கணவன் மனைவியரிடையே மட்டும் நடப்பின் ஆகுமென்று 1980-இல் தீர்ப்பளித்தது. இவை நிற்க. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதில் யாருடைய கண்ணீர் துடைக்கப்படுகின்றது? யாருடைய கண்ணீர் புதிதாக வருகின்றது?

முதலில் பொருளைப் பார்ப்போம். இஸ்ரேல் தேசத்தில் இரண்டு குழந்தைகள் பிறக்கும் வரை இச்சிகிச்சையின் செலவை அரசாங்கமே ஏற்கின்றது. நம் நாட்டிலோ தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு முறைக்கு லட்ச ரூபாய்க்கு மேல் ஆவது சாதாரணம். ஒரு முறையோடு முடிவதும் நிச்சயமில்லை. பிரிட்டிஷ் ஆணையத்தின் 2022-ஆம் வருஷக் கணக்கின்படி, தன் கருமுட்டையையே உபயோகிக்கும் முப்பத்தைந்துக்கு உட்பட்ட ஸ்திரீக்கு, கருப்பையில் வைக்கும் ஒவ்வொரு கருவுக்கும் பிரசவம் கைகூடும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒன்று. நாற்பத்து மூன்று வயதில் அது சுமார் இருபதில் ஒன்றாகக் குறைகின்றது. இதனை அறியாமல் தாலிக்கொடியை அடகு வைப்போர் எத்தனை பேர்! விளம்பரத்தில் சிரிக்கும் குழந்தையின் படத்தைக் கண்டு மயங்காது, ‘எம் வயதுக்கு வாய்ப்பு எவ்வளவு?’ என்று டாக்டரை நேரே கேட்பது நம் உரிமை.

அடுத்தது, கருமுட்டையும் கருப்பையும் தரும் பெண்கள். கருமுட்டை எடுப்பது ரத்தம் எடுப்பது போன்றதன்று. பல நாள் ஊசி மருந்து ஏற்றி, மயக்கமளித்து, ஊசியால் உறிஞ்சுவது. சிலருக்கு வயிறு நீர்கோத்து அபாயமும் நேரும். 2022-இல் ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தியின் வயதை மாற்றிக் காட்டிப் பல முறை கருமுட்டை விற்கச் செய்த கொடுமை வெளியாயிற்று. குஜராத்தின் ஆனந்த் நகரில் வாடகைத் தாய்மாரிடையே ஆராய்ந்த அம்ரிதா பாண்டே 2014-இல் எழுதிய நூல், வறுமையால் வந்த அப்பெண்கள் அயலாருக்கு அஞ்சித் தம் கர்ப்பத்தை மறைத்து விடுதிகளில் வாழ்ந்ததைக் கூறுகின்றது. 2021-ஆம் வருஷத்துச் சட்டங்கள் இரண்டு இதற்கு வரம்பு கட்டின. கூலிக்கு வாடகைத் தாயாதல் விலக்கப்பட்டது. கருமுட்டை தருபவள் 23 முதல் 35 வயதுக்குட்பட்டவளாய், வாழ்நாளில் ஒரு முறையே தரலாம். ஏழுக்கு மேல் எடுத்தலாகாது.

சட்டம் காசை விலக்கிற்று; வற்புறுத்தலை விலக்க அதனால் இயலுமோ? பணக்கார வீட்டின் தயவில் வாழும் ஏழை நாத்தியையோ விதவையான தங்கையையோ, ‘குடும்பத்துக்காகச் செய்’ என்று பெரியோர் சொன்னால், அவள் மறுப்பதெப்படி? கூலியாவது இருந்தால் அவள் கையில் மிஞ்சும். தியாகம் என்ற பெயரில் அதுவுமில்லை. இது நீதிமன்றம் எட்டிப் பார்க்க முடியாத இடம். நம் போன்ற உறவின்முறைச் சங்கங்களின் மனச்சாட்சிக்கே எட்டும் இடம்.

கருமுட்டை தருபவள் நம் குலத்தவளா என்று விசாரிக்கும் தம்பதிகளும் உண்டு. ஒரு குலச் சங்கத்தின் மேடையில் நின்றே சொல்லுகின்றோம்: அணுவில் குலம் எழுதப்படவில்லை. அவ்வாறு பிறக்கும் குழந்தை சட்டத்தின் முன் சகல பாத்தியதைகளும் உடைய சொந்தக் குழந்தையே. நம் பங்காளிகள் அதற்குக் குறைவாக அதனை நடத்துவாராயின், குறை குழந்தையினுடையதன்று.

இறுதியாக, இரகசியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவீகாரம் எடுத்தால் குறை ஊரறிந்துவிடும். பிறர் விந்தால் கருத்தரித்தால் மறைத்துவிடலாம். ஆகலின் நம் நாட்டார் பலர் பின்னதையே நாடுகின்றனர் என்று ஆதித்ய பரத்வாஜ் 2003-இல் எழுதினார். மறைப்பதால் நலமுண்டோ? கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் சூசன் கோலம்போக் என்னும் அம்மையார், தானம் பெற்ற அணுக்களாலும் வாடகைத் தாயாலும் பிறந்த பிள்ளைகளை 2000-ஆம் வருஷம் முதற்கொண்டு இருபது வயது வரை பின்தொடர்ந்து ஆராய்ந்தார். மனநலத்தில் அவர்கள் ஏனைய பிள்ளைகளுக்குக் குறைந்தவரல்லர் என்றும், ஏழு வயதுக்குள் உண்மை சொல்லப்பட்டவர்க்குத் தாயோடு உறவு மேலும் நன்றாயிருந்ததென்றும் 2023-இல் வெளியான முடிவு கூறுகின்றது. ஸ்வீடன் தேசமோ, தானம் தந்தவர் யாரென்று அறியும் உரிமையைப் பிள்ளைகளுக்கு 1984-ஆம் வருஷத்துச் சட்டத்தாலேயே அளித்துவிட்டது.

இதற்கு மேல்நாட்டாரிடம் மட்டுமா செல்ல வேண்டும்? பாரதத்தில் திருதராஷ்டிரனும் பாண்டுவும் வியாசரால் பிறந்தனர், அது மறைக்கப்படவில்லை, அவர்களுடைய அரசுரிமையும் அதனால் குன்றவில்லை. மறைக்கப்பட்ட பிறப்பு கர்ணனுடையது. குந்தி உண்மையைச் சொல்லத் துணிந்தபோது காலம் கடந்துவிட்டது. தம்பி அண்ணனைக் கொன்றான்.

சகோதரர்களே! நாம் இச்சபையாரை வேண்டுவன சில உண்டு. பிள்ளை தாமதித்தால் புருஷர் முதலில் பரிசோதனைக்குச் செல்லுங்கள். அது கத்தியும் ஊசியும் இன்றிச் சொற்பச் செலவில் முடிவது. மனைவியை ஆண்டுக்கணக்கில் ஊசிக்கு ஆளாக்கிவிட்டுப் பின்னர்ச் செல்வது அநீதி. சிகிச்சை போதும் என்று ஒருத்தி சொன்னால், அச்சொல்லே முடிவாகட்டும். நம் சங்கத்து மண்டபத்தில் நடக்கும் வளைகாப்புகளில், பிள்ளையில்லாத சகோதரியைப் பின்வரிசையில் ஒதுக்காமல், அவள் கையாலும் வளையல் இடச் செய்யுங்கள். இதனைச் சங்கத்தின் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டுமென்று பிரேரேபிக்கின்றோம்.

வைத்தியம் கருவை உண்டாக்கலாம். இரக்கத்தை உண்டாக்க வேண்டியவர் நாமே.