திரும்பவும் ஒருதரம் போய்ப் பார்ப்போம்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மனநலப் பராமரிப்பில் வைத்தியர், தாதியர், சமூகப் பணியாளர் ஆகியோரின் பங்கு பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். பெரிய தலைப்பு. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவர்களை அதன் பிறகு எப்படிக் காப்பது?

இந்த மண்டபத்துக்குள் வந்ததும் எனக்கு நினைவு வந்தது எங்கள் வகுப்பு இடாப்பு. ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால், அவளுடைய வீட்டுக்குக் கிட்ட இருக்கிற இரண்டு பேரை ரீச்சர் பின்னேரம் அனுப்புவார். "காய்ச்சலோ, வீட்டில ஏதும் கரைச்சலோ எண்டு பார்த்துக்கொண்டு வாங்கோ" என்பார். அதன் பெறுமதி எனக்கு அப்போது விளங்கவில்லை.

வைத்தியராகி உள்ளகப் பயிற்சியில் இருந்த காலத்தில், நஞ்சருந்திய 19 வயதுப் பிள்ளை ஒருத்தியை எங்கள் விடுதிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு இரவு கண்விழித்துக் காப்பாற்றினோம். ஆறாம் நாள் கிளினிக் துண்டு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அவள் கிளினிக்குக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் தேடவில்லை. என் வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஐந்து கிழமைக்குப் பிறகு அவளைத் திரும்பவும் கொண்டுவந்தார்கள். அந்த முறை எங்களால் முடியவில்லை. தாய் என்னைப் பார்த்து, "டொக்டர், சுகமாயிட்டுது எண்டுதானே விட்டனீங்கள்?" என்று கேட்டார். அதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

உடலில் இருந்து நஞ்சை எடுத்தோம். அவளை நஞ்சுவரை கொண்டுபோன காரணம் வீட்டில் அப்படியே இருந்தது.

இதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் செய்த ஆய்வொன்று 2008இல் வெளியானது. பிரேசில், இந்தியா, இலங்கை, ஈரான், சீனா ஆகிய ஐந்து நாடுகளில் 1867 பேர் சேர்க்கப்பட்டார்கள். சென்னையும் கொழும்பும் அந்த ஆய்வு நடந்த இடங்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை மட்டும் கிடைத்தது. மற்றப் பகுதியினருடன் ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தார்கள்; பின் 18 மாதங்களுக்குள் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ தொடர்புகொண்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 மட்டுமே. விலை உயர்ந்த மருந்தோ இயந்திரமோ இதற்குத் தேவைப்படவில்லை. எங்கள் ரீச்சர் இடாப்பை வைத்துச் செய்த வேலைதான் இது.

எமது நாட்டுக்கு இதில் இன்னொரு அனுபவமும் உண்டு. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அதுவும் ஒன்று. மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. பத்து ஆண்டுகளில் அந்த வீதம் பாதியாகக் குறைந்தது. மனக்கஷ்டம் பாதியாகக் குறைந்துவிடவில்லை. அந்தக் கொடிய நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருள் இல்லாமற் போனதால், பலருக்கு அடுத்த நாள் கிடைத்தது. அந்த அடுத்த நாளை என்ன செய்கிறோம் என்பதுதான் எங்கள் பொறுப்பு.

இப்போது நாங்கள் எப்படி வேலை செய்கிறோம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். மூன்று பிள்ளைகளின் தாய். நுண்கடன் கட்டமுடியாத நிலை. என்னிடம் "இனிச் செய்யமாட்டன் டொக்டர்" என்று மட்டும் சொன்னார். இரவுக் கடமையில் இருந்த தாதி, சேலைன் மாற்றும்போது பக்கத்தில் இருந்து, "அக்கா, சாகவேணும் எண்ட நினைப்பு இப்பவும் வருதோ?" என்று நேராகக் கேட்டார். "ஓம் மிஸி" என்றார். அந்த ஒரு பதிலால்தான் எங்கள் சிகிச்சையே மாறியது. மனச்சோர்வுக்கு நான் மருந்து தொடங்கினேன். சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போய், தோட்ட மருந்துப் போத்தல்களைத் தமையன் வீட்டில் பூட்டிவைக்க ஒழுங்கு செய்தார். கடன் விடயமாகப் பிரதேச செயலகத்துக்கும் கூடப் போனார். தாதி முதற் கிழமையும், அடுத்த கிழமையும், பிறகு மாதாமாதமும் தொலைபேசியில் கதைத்தார். கடன் முழுவதும் தீரவில்லை. ஆனால் அந்த அம்மா இருக்கிறார். பிள்ளைகளுக்குத் தாய் இருக்கிறார்.

இந்த வேலைக்கு வைத்தியசாலையில் இருக்கிற ஆட்கள் போதாது. ஆகவேதான் உங்களிடம் கேட்கிறேன். ஊருக்குள் இப்படியொரு சம்பவம் நடந்தால், நாங்கள் முதலில் செய்வது அந்த வீட்டுக்குப் போகாமல் விடுவது. "அவையளுக்கு வெக்கமாயிருக்கும்" என்கிறோம். நான் சந்தித்த குடும்பங்கள் சொன்னது வேறு: ஒருவரும் வராததுதான் அவர்களுக்கு வலித்தது.

கேட்கப் பயப்பட வேண்டாம். சாகும் நினைப்பு வருகிறதா என்று கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக உண்டாவதில்லை; சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது. புத்தி சொல்ல அவசரப்பட வேண்டாம். ஆபத்தான பொருட்களை வீட்டாரோடு சேர்ந்து அப்புறப்படுத்துங்கள். ஆபத்து உடனடியானதென்றால் தனியே விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பொலிஸ் என்று பயப்படத் தேவையில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் எல்லோரும் தொலைபேசியில் பதிந்துவைத்திருங்கள். பிறகு, அடுத்த கிழமை திரும்பவும் ஒருதரம் போய்ப் பாருங்கள். அதற்கடுத்த மாதமும் போய்ப் பாருங்கள்.

இந்தச் சபையில் ஓய்வுபெற்ற தாதியர், ஆசிரியர், குடும்ப நல உத்தியோகத்தர் பலர் இருக்கிறீர்கள். நூறு வருடத்தைக் கொண்டாடும் எங்கள் சங்கம் ஓர் இடாப்பு வைத்திருக்கலாம். விருப்பமுள்ளவர்கள் பெயரைக் கொடுங்கள். மாவட்ட மனநலப் பிரிவோடு பேசி, பயிற்சிக்கு நான் ஒழுங்கு செய்கிறேன். ஒருவர் இரண்டு வீடுகளைப் பொறுப்பெடுத்தாலே பெரிய காரியம்.

அந்தப் பிள்ளை இருந்திருந்தால் இப்போது நாற்பதை எட்டியிருப்பாள். அவளுடைய வீட்டுக்கு நான் போகவில்லை. இனி ஒரு வீட்டுக்காவது நாங்கள் போவோம்.