டிஸ்க்கில் ரெண்டு சொட்டு

"பிரேக் கிறீச்சுங்குதா தம்பி? டிஸ்க்குல ரெண்டு சொட்டு ஆயில் விடு, சத்தமே வராது." பட்டறை வாசலில் விளையாட்டாகச் சொல்வதுதான். புதிதாக வண்டி வாங்கிய பையன் அதை நம்பிவிட்டால் ஆபத்து.

டிஸ்க் பிரேக் நிறுத்துவதே உராய்வால். டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேட்டில் எண்ணெய் ஊறிவிட்டால் பிடிமானம் போய்விடும். துடைத்துப் பயனில்லை, மாற்றியாக வேண்டும். கிறீச்சொலிக்குக் காரணம் பெரும்பாலும் தூசி, அல்லது தேய்ந்த பேட். அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்வதுதான் நல்ல யோசனை.

கார் ஆயில் மிச்சத்தை பைக்கில் ஊற்றச் சொல்வதும் இதே ரகம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே சுழல்கின்றன. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. அது பட்டால் கிளட்ச் வழுக்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் அலறும், வண்டி மேடேறாது. ஆயில் டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்ற குறியைத் தேடி வாங்குவது இதற்காகத்தான்.